வண்ண விளக்குக்கு அனுமதி உண்டு, உயிருக்கு யார் பொறுப்பு?

மார்கழி பிறப்பதற்கு முன்பே செங்கோட்டைக்குத் திருவிழாக் களை வந்துவிடும். அச்சன்கோவில் ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி புனலூர் கருவூலத்திலிருந்து புறப்பட்டு, ஆரியங்காவு மலைப்பாதை வழியாக இறங்கி, நம் ஊரைக் கடந்துதான் தென்காசிக்குப் போகிறது. சபரிமலை வண்டிகள் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. அதே நாட்களில் வீட்டு வாசல்களிலும் தேவாலயக் கோபுரங்களிலும் நட்சத்திரம் ஏறுகிறது. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் கிறிஸ்துமஸ் கீத பவனி கிளம்புகிறது. குற்றாலத்தில் திருவாதிரைத் திருவிழா. பண்டிகை யாருடையது என்றாலும் விளக்குக் கட்ட வருகிறவர் பெரும்பாலும் அதே லைட் செட்டுக்காரர். கம்பம் அதே கம்பம், மின்கம்பியும் அதேதான்.

இந்தக் கொண்டாட்டங்கள் வேண்டும். ஊர் கூடி ஒளி ஏற்றுவதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. நாம் கண்டிப்பது வேறொன்றை. விளக்குக் கட்டுவதற்கும் ஊர்வலம் போவதற்கும் அனுமதி கொடுக்கும் அலுவலகங்கள் பல இருக்கின்றன. அந்த விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து, எப்படி, யார் கையால் வருகிறது என்று நேரில் பார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு அவற்றில் ஒன்றின் மேலும் உறுதியாக வைக்கப்படவில்லை. இந்தப் பொறுப்பின்மை தமிழ்நாட்டில் ஏற்கெனவே பல உயிர்களைக் குடித்துவிட்டது.

2022 ஏப்ரல் 27. தஞ்சாவூர் அருகே களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழா. பொழுது விடியாத நேரத்தில் தெருக்களைச் சுற்றி வந்த தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். விளக்கு அலங்காரத்தோடு, பின்னால் ஜெனரேட்டரையும் இழுத்துக்கொண்டு வந்த தேர் அது. திருப்பத்தில் ஜெனரேட்டர் சிக்கியது, தேர் ஒருபக்கம் சாய்ந்து கம்பியைத் தொட்டது என்று அப்போது செய்திகள் வந்தன. சாலையைத் தோண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் தரை உயர்ந்து, கம்பிக்கும் தேருக்கும் இருந்த இடைவெளி குறைந்துபோனது என்பதும் பேசப்பட்டது. மாநில அரசு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தது, பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் அறிவிக்கப்பட்டது, விசாரணைக்கு ஓர் உயர் அதிகாரியும் நியமிக்கப்பட்டார். அது தேரா, சப்பரமா, அனுமதி கேட்டார்களா, கேட்கவில்லையா என்ற வாதம் சட்டமன்றம் வரைக்கும் போனது. பதினொரு பிணங்களை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வாதம் அதுவல்ல என்று அன்றே பலர் சொன்னார்கள்.

மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. 2025 மார்ச் 1, கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறை. அந்தோணியார் ஆலயத் திருவிழாவுக்கான வேலையில் உயரமான இரும்பு ஏணியை நகர்த்திக்கொண்டு போனபோது அது மேலே சென்ற உயரழுத்தக் கம்பியில் பட்டது. நான்கு பேர் அந்த இடத்திலேயே மாண்டார்கள். முந்தையது சைவத் திருவிழா, இது கத்தோலிக்கத் திருவிழா. தஞ்சாவூர் வண்டல் மண்ணுக்கும் கன்னியாகுமரிக் கடற்கரைக்கும் இடையே எத்தனையோ வேற்றுமை இருக்கிறது. கொன்ற காரணம் மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று: உயரமான இரும்பு, மின்சாரம் பாயும் கம்பி, மின்சாரத்தை நிறுத்தி வைக்காத இரவு அல்லது பகல்.

இவற்றை விபத்து என்று எழுதி கோப்பை மூடுவதை இனியும் ஏற்க முடியாது. ஒரே காரணம் இரண்டாவது முறை கொல்லும்போது அதற்குப் பெயர் அலட்சியம்.

செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இதில் தனிக் கவலை இருக்கிறது. தமிழ்நாட்டில் பல ஊர்கள் ஒரு பருவமழையில்தான் நனையும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வாயில் இருக்கும் நம் பக்கம் இரண்டிலும் நனைகிறது. ஜூன் முதல் தென்மேற்குக் காற்றோடு சாரல், ஐப்பசி முதல் வடகிழக்குப் பருவமழை. நம் கொண்டாட்டங்களும் இந்த இரண்டு ஈரத்துக்குள்தான் வருகின்றன. குற்றாலத்தில் அரசே நடத்தும் சாரல் திருவிழா சாரல் அடிக்கும்போதுதான் நடக்க முடியும். விநாயகர் சதுர்த்தி ஊர்வலம் ஆவணியில். கிறிஸ்துமஸ் டிசம்பரில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையை யாரும் மறந்திருக்க முடியாது. 2024 டிசம்பர் 13 அன்று குற்றால அருவிகளில் பாய்ந்த வெள்ளத்தையும் பார்த்தோம். வறண்ட ஊரில் நடக்கும் அலட்சியம் இங்கே நடந்தால் விளைவு பல மடங்கு.

நம் தெருக்களில் ஒரு ஒளி வளைவு எப்படி எழுகிறது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சவுக்குக் கம்போ இரும்புக் குழாயோ சாலையோரத்தில் நடப்படுகிறது. மின்கம்பத்தையே தூணாக வைத்துக் கயிறு கட்டுவதும் உண்டு. அதன்மேல் சீரியல் செட் சுற்றப்படுகிறது. மெல்லிய வயர், பல திருவிழாக்களில் அடிபட்டு உரிந்தது. அறுந்த இடத்தில் இரண்டு நுனியையும் கையால் முறுக்கி, மேலே டேப் சுற்றுகிறார்கள். டேப் தீர்ந்தால் பாலிதீன் கவர். மழை அடித்ததும் அந்த முடிச்சுக்குள் தண்ணீர் இறங்குகிறது, நனைந்த குழாய்க்கு மின்சாரம் கசிகிறது. குழாயில் கை வைத்துக்கொண்டு ஊர்வலம் பார்க்கிற பிள்ளைக்கு அது தெரியாது. இணைப்பு எடுப்பது இன்னும் கொடுமை: வயரின் நுனியை வளைத்து நேரே தாழ்வழுத்தக் கம்பியில் கொக்கி மாட்டுவது. அதற்கு ஃபியூஸ் கிடையாது, சுவிட்ச் கிடையாது, ஆபத்து வந்தால் அணைக்க ஒரு பிடியும் கிடையாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவு இதைத் திருட்டு என்கிறது. திருட்டு என்பதைவிட இதில் பெரிய குற்றம், தெருவில் நடக்கிற எல்லோருடைய உயிரையும் பணயம் வைப்பதுதான்.

முறையாக இணைப்பு வாங்குகிறவர்களும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எம்.சி.பி. என்ற தானியங்கிச் சுவிட்சைப் போட்டிருக்கிறோமே, போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், மனிதனைக் காப்பாற்றாது. ஓர் ஆளைக் கொல்ல ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். அவ்வளவு சிறிய கசிவை எம்.சி.பி. கண்டுகொள்வதே இல்லை. 30 மில்லிஆம்பியர் கசிந்ததும் கண் இமைப்பதற்குள் இணைப்பை அறுக்கிற ஆர்.சி.சி.பி. என்ற கருவி எந்த மின்பொருள் கடையிலும் கிடைக்கிறது. பல திருவிழாக்களில் ஓர் இரவு வாணவேடிக்கைக்கு ஆகும் செலவில் பலவற்றை வாங்கிவிடலாம். ஆனால் நன்கொடை நோட்டீசில் வாணவேடிக்கைக்கு உபயதாரர் பெயர் இருக்கும், இதற்கு இராது.

கிறிஸ்துமஸ் மரத்துக்கு மின்விளக்கு வந்த கதையை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1882இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் முதன்முதலில் மின்விளக்குகளைக் கட்டினார். அதற்கு முன் மரக்கிளைகளில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அதனால் வீடுகள் தீப்பிடித்தன. மெழுகுவர்த்தியைவிட ஆபத்து குறைவு என்பதாலும்தான் மின்விளக்கு உலகமெங்கும் பரவியது. பாதுகாப்புக்காக ஏற்ற ஒரு பொருளை நாம் உயிர்க்கொல்லியாக மாற்றி வைத்திருக்கிறோம்.

இனி நிர்வாகத்தைக் கேட்போம். 2018 செப்டம்பரில் செங்கோட்டையில் விநாயகர் ஊர்வலத்தின்போது நடந்த கல்வீச்சும், அதைத் தொடர்ந்து 144 தடை உத்தரவு போடப்பட்டதும் ஊர் மறக்காத வடு. அதன்பின் ஒவ்வோர் ஊர்வலத்துக்கும் எந்தத் தெரு, எத்தனை மணி, எங்கே நிற்கக்கூடாது என்று அங்குலம் அங்குலமாகத் திட்டமிடப்படுகிறது. மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் காவலர்கள் வருகிறார்கள். விநாயகர் சிலை பீடத்தோடு சேர்த்து 10 அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. இந்த எச்சரிக்கை நல்லது, தேவையானது. தெருவைப் பார்க்கும் அதே கண்கள் தலையை நிமிர்த்தி மேலே உள்ள கம்பியையும் பார்க்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. சிலைக்கு உயர வரம்பு இருக்கும்போது, டாடா ஏஸ் வண்டியின் மேல் கட்டி வரும் நட்சத்திரக் கூண்டுக்கும், டிராக்டரில் வரும் விளக்குச் சப்பரத்துக்கும், தெருவின் குறுக்கே நிற்கும் வளைவுக்கும் ஏன் அளவு பார்ப்பதில்லை?

மின்வாரியம் சொல்லும் பதில் நமக்குத் தெரியும். கேட்டிருந்தால் எல்.சி. கொடுத்து, அதாவது அந்தக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி வைத்திருப்போம், அவர்கள் எங்களிடம் வரவில்லை என்பார்கள். விழாக்குழுவினரின் பதிலும் தெரியும். மனு கொடுத்தால் அலைய விடுகிறார்கள், கட்டணம் கேட்கிறார்கள், விழா நேரத்தில் கரண்டை நிறுத்தினால் ஊர் திட்டும் என்பார்கள். இரண்டு பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் களிமேட்டில் பதினொரு பேரைக் கொன்றன. எந்தத் தெருவில் எந்த மாதம் எந்த ஊர்வலம் போகும் என்பது செங்கோட்டையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆண்டுதோறும் ஒரே நாளில், ஒரே பாதையில் வருவது திருவிழா. அது தெரியாமல் போய்விட்டது என்று ஓர் அரசு அலுவலகம் சொல்வது சரியான பதில் ஆகாது.

மின்சட்ட விதிகளின்படி 11 கிலோவோல்ட் கம்பி ஒரு சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் தரையிலிருந்து 6.1 மீட்டருக்குக் குறையக்கூடாது. தாழ்வழுத்தக் கம்பிக்கு 5.8 மீட்டர். இந்த அளவு கம்பத்தை நட்ட அன்று மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு முறை சாலை உயரும்போதும் கம்பியின் உயரம் குறைகிறது. கோடையில் கம்பி தளர்ந்து இன்னும் தொய்கிறது. சாலை போடுவது நகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறை, கம்பி மின்வாரியத்துடையது. ஒருவர் போட்ட சாலைக்கு ஏற்ப இன்னொருவர் கம்பியை உயர்த்தினாரா என்று அளந்து பார்க்கும் வழக்கம் நடைமுறையில் இல்லை. களிமேட்டுக்குப் பிறகு பெரிய கோவில்களின் தேர்வீதிகளில் கம்பியை மண்ணுக்குள் புதைக்கும் பேச்சு எழுந்தது, சில இடங்களில் வேலையும் நடந்தது. வரவேற்போம். ஆனால் களிமேடு பெரிய கோவில் ஊரல்ல, இனயம் புத்தன்துறையும் அல்ல. சாவு சிறிய ஊரின் சந்துக்குத்தான் வந்தது.

உயிர் போனால் மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி மின் ஆய்வாளர் வந்து விசாரிப்பார், அறிக்கை கொடுப்பார். உயிர் போவதற்கு முன்னால் அதே ஆய்வு ஏன் நடக்கக்கூடாது? ஏணியில் ஏறி விளக்குக் கட்டுகிறவன் பெரும்பாலும் இருபது வயது தாண்டாத கூலிப் பையன். அவன் கையில் ரப்பர் கையுறை கிடையாது, காலில் செருப்பும் இருக்காது. விழாக்குழுத் தலைவரின் பிள்ளையோ மின்வாரிய அதிகாரியின் பிள்ளையோ அந்த ஏணியில் ஏறுவதில்லை. இதை எழுதும்போது கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

இந்த டிசம்பருக்குள் திருத்தம் வந்தாக வேண்டும். தென்காசி மாவட்ட ஆட்சியர், மின்வாரியம், காவல்துறை, தீயணைப்புத் துறை, செங்கோட்டை, தென்காசி நகராட்சிகள், குற்றாலம் பேரூராட்சி, கோவில், தேவாலய, மசூதி நிர்வாகங்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஒரே கூட்டம் கூட்ட வேண்டும். ஊர்வலம் போகும் ஒவ்வொரு தெருவிலும் கம்பியின் உயரத்தை அளந்து, குறைந்த இடத்தில் உடனே உயர்த்த வேண்டும். ஊர்வலத்துக்குக் காவல்துறை தரும் அனுமதித் தாளிலேயே வாகனத்தின் மொத்த உயரமும், அந்தத் தெருவில் மின்சாரம் நிறுத்தப்படும் நேரமும், அதற்குப் பொறுப்பான மின் ஊழியரின் பதவியும் எழுதப்பட வேண்டும். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் சான்று தராமல், ஆர்.சி.சி.பி. பொருத்தாமல் எந்தத் தற்காலிக இணைப்பும் கொடுக்கக் கூடாது. அந்த இணைப்பு ஒரே சாளரத்தில், ஓரிரு நாளில், ஏழை ஊரும் கட்டக்கூடிய கட்டணத்தில் கிடைக்க வேண்டும். கிடைத்தால் கொக்கி தானாகக் குறையும். சாரல் திருவிழாவில் அரசு கட்டும் விளக்குகளுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். தன் மேடையில் பின்பற்றாத விதியை அரசு ஊராரிடம் எதிர்பார்க்க முடியாது.

விழாக்குழுவினருக்கும் சொல்கிறோம். மின்கம்பத்தில் கயிறு கட்டாதீர்கள். இரும்பு ஏணியை மூங்கில் ஏணியாக மாற்றுங்கள். அதையும் கம்பிக்குக் கீழே நிமிர்த்தாதீர்கள். மழை பிடித்தால் மெயினை அணைத்துவிட்டு மழை விட்டபின் ஏற்றுங்கள். ஒரு மணி நேர இருட்டில் பண்டிகை குறைந்துவிடாது. மின்கம்பத்தில் கொக்கி தொங்குவதையோ, கம்பி தாழ்ந்திருப்பதையோ யார் பார்த்தாலும் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் புகார் சொல்லிப் பதிவு எண் வாங்கி வையுங்கள். நாளை யாரும் எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாமல் இருக்க அந்தப் பதிவு வேண்டும்.

ஆட்சியர் கூட்டம் எந்தத் தேதியில் நடக்கிறது, எந்தெந்தத் தெருக்களில் கம்பி உயர்த்தப்பட்டது என்பதை மாவட்ட நிர்வாகம் நட்சத்திரங்கள் ஏறுவதற்கு முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.