கடலைப் பங்கிடுமுன் கடலோடியைக் கேளுங்கள்

காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதை இடதுசாரிகள் எதிர்க்கக் காரணம் எதுவுமில்லை. நிலக்கரிப் புகையை முதலில் சுவாசிப்பவன் உழைப்பாளி; கடல் உயர்ந்தால் முதலில் வீடிழப்பவன் மீனவன். மன்னார் வளைகுடாவில் காற்றாலை வரட்டும். ஆனால் அக்கடலில் எந்த இடம் எதற்கு என்பதை யார், எப்போது முடிவு செய்வது? விவாதம் இங்குதான் தொடங்க வேண்டும்.

கடற்காற்றாலைக்கான தேசியக் கொள்கை 2015இல் வந்தது. 2023 டிசம்பரில் குத்தகை விதிகள் அறிவிக்கப்பட்டன. கட்டுமானத்திற்கும் இயக்கத்திற்கும் 35 ஆண்டுக் குத்தகை. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. தமிழகக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட். இதில் 6,853 கோடி, காற்றாலை அமைக்கும் நிறுவனங்களுக்கான இடைவெளி நிதி; 600 கோடி துறைமுக மேம்பாட்டிற்கு. மின்சாரத்தைக் கரை சேர்க்கும் கட்டமைப்பையும் பொதுத்துறையான பவர்கிரிட் நிறுவனமே அமைக்கும். செலவும் அபாயமும் பொதுமக்களுக்கு, லாபம் தனியாருக்கு என்னும் பழைய கணக்கு கடலுக்கும் வந்துவிட்டது.

அதிகாரிகளின் வரைபடத்தில் கடல் வெறும் நீலப்பரப்பு. உண்மையில் அது நெரிசலான இடம். 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986 முதல் அங்கே உள்ளது. தூத்துக்குடித் துறைமுகத்தின் கப்பல் பாதைகள், கூடங்குளம் அணுமின் நிலையம், குலசேகரன்பட்டினத்தில் எழும் ராக்கெட் ஏவுதளம் என ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எல்லை கேட்கிறது. இவற்றினிடையே விசைப்படகும் நாட்டுப்படகும் பிழைக்க வேண்டும். மீன் கூடும் பார்கள் எங்குள்ளன, எந்தக் காற்றில் எங்கே வலை விடுவது என்பன மீனவரின் நினைவில் தலைமுறைகளாக உள்ளன. அந்த அறிவு அரசின் வரைபடத்தில் ஏறவில்லையெனில், அந்த இடம் 'காலியிடம்' என்றே குத்தகைக்குப் போகும்.

காற்றாலைகள் ஆழ்கடலில்தானே நிற்கும், கரைக்கடலில் மீன்பிடிக்கும் எளியவனுக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பன்னாட்டுக் கடற்சட்டம் ஒவ்வொரு கட்டுமானத்தைச் சுற்றியும் 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் அமைக்க அனுமதிக்கிறது. கடலடிக் கம்பிவடத்தின் மீது இழுவலை இழுக்க இயலாது. அங்கிருந்து விலக்கப்படும் விசைப்படகு எங்கே போகும்? கரைநோக்கி வரும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் 3 கடல்மைல் வரை நாட்டுப்படகிற்கு ஒதுக்கியும் ஓயாத மோதல் இன்னும் கூர்மையடையும். முதலாளி எடுத்த இடத்திற்காக இரு உழைப்பாளிகள் கடலில் கைகலப்பார்கள்.

இதைத் தவிர்க்கும் வழி உண்டு. கடல்வெளித் திட்டமிடல் என்பது அதன் பெயர். எல்லாப் பயன்பாடுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்து, முரண்களைப் பேசித் தீர்த்த பின்னரே குத்தகை விடுவது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இலேயே இதை உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் நார்வேயின் ஒத்துழைப்போடு தொடங்கிய முன்னோடித் திட்டத்திற்குப் புதுச்சேரியும் இலட்சத்தீவும் தேர்ந்தெடுக்கப்பட்டன. காற்றாலைக்கு முதலில் குறிக்கப்பட்ட மன்னார் வளைகுடா அதில் இல்லை.

கலந்துபேசினால் தாமதமாகும் என்பார்கள். அதே நார்வேயின் ஃபோசனில், நிலத்தில் அமைந்த இரு காற்றாலைப் பண்ணைகளின் உரிமங்கள் செல்லாதென 2021இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலைமான் மேய்க்கும் சாமி பழங்குடியினரின் உரிமையை அவை மீறின. அப்போது காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. முன்பே கேளாததன் விலை அது. மாறாக, கோப்பன்ஹேகன் அருகே 2000இல் எழுந்த மிடல்குருண்டன் காற்றாலையின் சரிபாதி, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தமாயிற்று.

கடலே இல்லாத கோலார் தங்கவயலுக்கு இதில் என்ன அக்கறை? சிவசமுத்திரத்தின் நீர்மின்சாரம் 1902இல் இவ்வூரை எட்டியது சுரங்க எந்திரங்களுக்காக. தங்கத்தின் ஓட்டத்தைத் துல்லியமாகக் குறித்த வரைபடங்களில், அதைத் தோண்டிய தமிழ்த் தொழிலாளியின் நுரையீரலுக்கோ நாளைய வாழ்வுக்கோ இடமிருக்கவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் எஞ்சின. ஒரே பயனுக்காக வரையப்பட்ட திட்டம், அப்பயன் தீர்ந்ததும் மக்களைக் கைவிடும் என்பதற்கு இவ்வூரே சாட்சி. 35 ஆண்டு முடிந்த பின் கடலில் நிற்கும் இரும்பை அகற்றுவது யார் பொறுப்பு என்பதையும் இன்றே கேட்க வேண்டும்.

கோரிக்கைகள் தெளிவானவை. கடல்வெளித் திட்டம் முதலில், குத்தகை பின்னர். அத்திட்டத்தை வரையும் குழுவில் மீனவர் சங்கங்களுக்கு வாக்குரிமையுடன் இடம். மீன்பிடிப்பில் 12 கடல்மைலுக்கு அப்பால் ஒன்றியத்தின் அதிகாரம், உள்ளே மாநிலத்தின் அதிகாரம் என்றிருப்பதால், இரு அரசும் கூட்டாகப் பொறுப்பேற்றல். இழக்கும் மீன்பிடி நாட்களுக்கு ஆண்டுதோறும் இழப்பீடு. படகு உரிமையாளருக்கு மட்டுமன்றி, கூலிக்குக் கடலேறுபவருக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும். பொதுப்பணம் பெறும் திட்டத்தில் பொதுத்துறைக்கும் கூட்டுறவுக்கும் பங்கு.

இந்தியக் கடலில் இன்னும் ஒரு காற்றாலைப் பண்ணையும் எழவில்லை. ஆகவே காலம் கடந்துவிடவில்லை. மின்வாரியத் தொழிலாளர் சங்கமும் மீனவர் சங்கமும் எதிரெதிர் மேடைகளில் நிறுத்தப்படுவதற்கு முன், இருவரையும் ஒரே மேசையில் அமர்த்துவது கடலோர மாவட்டத் தோழர்களின் உடனடிப் பணி.