பட்டியலுக்கு அப்பால்

தேர்வெழுதும் நேரத்தைவிட, முடிவுக்காகக் காத்திருக்கும் நாள்களே நீளமானவை. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கெனத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வை எழுதியோர் இதனை நன்கறிவர்.

இத்தேர்வின்வழி 1,500 பேர் தெரிவு செய்யப்படுகின்றனர். பாதி இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கே உரியவை. தெரிவு பெறுவோர்க்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் ஈராண்டுகளில் 36,000 ரூபாய் கிடைக்கும். கூலி வேலையை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறுதொகையன்று. விடுமுறை நாளில் வேலைக்குச் செல்லும் மாணவர், அந்நாளைப் படிப்பிற்கே செலவிட இது துணைசெய்யும். எனவே, காத்திருப்போரின் கவலையை வீண் பதற்றமென ஒதுக்குதல் தகாது.

ஆயினும், அப்பட்டியல் எதைக் கூறுகிறது என்பதில் தெளிவு வேண்டும். 1,500 என்பது ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை, திறமையுடையோரின் எண்ணிக்கையன்று. இறுதியாக இடம்பெற்றவருக்கும் நூலிழையில் வாய்ப்பிழந்தவருக்கும் இடையே ஒரு மதிப்பெண் வேறுபாடே இருக்கலாம். அதனை அறிவின் வேறுபாடாகக் கருதித் தம்மைத் தாழ்த்திக்கொள்வது பிழை. தேர்வுக்காகக் கற்ற திருக்குறளும் கம்பராமாயணமும் இலக்கணமும் பட்டியல் வெளியான பின்னரும் கற்றவரிடமே இருக்கும்.

எனினும், கற்ற கல்வி பேருந்துக் கட்டணமாகாது. உதவித்தொகை கிட்டாத இழப்பு மெய்யானதே. ஆகவே, பெயர் இடம்பெறாதவரைத் தேற்றுவதோடு நில்லாமல், அவருக்குரிய பிற உதவித்திட்டங்களைத் தேடிக் காட்டி விண்ணப்பிக்கச் செய்வதும் பள்ளியின் கடமையாகும். முடிவு வெளியாகும் நாளில் ஆசிரியர் முதலில் தேட வேண்டியது அம்மாணவரையே.