மூன்று ஸாஹில் நாடுகளின் விலகல்: விலை கொடுப்பது யார்?

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் குர்பானி ஆட்டின் விலைதான் நம் வீடுகளில் பேச்சு. மேற்கு ஆப்பிரிக்காவிலும் அப்படித்தான். அங்கே இந்தப் பெருநாளுக்குத் 'தபாஸ்கி' என்று பெயர். செனகல் தலைநகர் டக்கரின் சந்தைகளுக்கு மாலியிலிருந்தும் மவுரிட்டானியாவிலிருந்தும் லாரி லாரியாக ஆடுகள் வந்து இறங்கும். நைஜரின் ஆடுமாடுகள் எல்லை தாண்டி நைஜீரியாவுக்குப் போகும்.

2025 பெருநாளுக்கு முன்பு நைஜர் அரசு கால்நடை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. உள்நாட்டுச் சந்தையில் ஆடு கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். இப்படிப்பட்ட தடைகள் அந்தப் பகுதிக்குப் புதியவை அல்ல. ஆனால் முன்பெல்லாம் இரு நாடுகளுக்கிடையே பிரச்சினை வந்தால் உட்கார்ந்து பேச ஒரு பொது மேசை இருந்தது. இப்போது அந்த மேசையிலிருந்து நைஜர் எழுந்துவிட்டது.

மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஜனவரி 29 அன்று 'எக்கோவாஸ்' எனப்படும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்திலிருந்து முறைப்படி வெளியேறின. 15 நாடுகள் இருந்த அமைப்பு 12 நாடுகளாகச் சுருங்கியது. மூன்றுமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். இந்த விலகலைச் சிலர் பிரான்சுக்கு எதிரான வீரச் செயலாகக் கொண்டாடுகிறார்கள். வேறு சிலர் இராணுவ ஆட்சியாளர்களின் பிடிவாதம் என்று ஒதுக்குகிறார்கள். அங்குள்ள சாதாரணக் குடும்பங்களுக்கு இதனால் என்ன நேர்ந்தது என்பதையே நாம் இங்கு பார்க்கிறோம்.

எக்கோவாஸ் தந்தது என்ன?

1975 மே 28 அன்று நைஜீரியாவின் லாகோஸ் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிறந்தது இந்த அமைப்பு. 1979இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, உறுப்பு நாடொன்றின் குடிமகன் இன்னொரு உறுப்பு நாட்டில் விசா இல்லாமல் 90 நாட்கள் தங்கலாம். அங்கேயே குடியிருக்கவும் தொழில் செய்யவுமான உரிமைகள் பின்னர் படிப்படியாகச் சேர்ந்தன.

விலகிய மூன்று நாடுகளுக்கும் கடற்கரை கிடையாது. மாலிக்கு டக்கரும் அபிஜானும் துறைமுகங்கள். புர்கினா ஃபாசோவுக்கு ஐவரி கோஸ்டின் அபிஜானிலிருந்து இரயில் பாதை போகிறது. நைஜருக்குப் பக்கத்துத் துறைமுகம் பெனினின் கோட்டனூ. அரிசியும் மருந்தும் இந்த வழிகளில்தான் உள்ளே வருகின்றன. வெளியே போவதும் இதே வழிகளில்தான். நைஜரின் கால்மி ஊர்ச் செவ்வெங்காயம் கானா, ஐவரி கோஸ்ட் சந்தைகளில் பெயர் பெற்றது. புர்கினா ஃபாசோவைச் சேர்ந்த பல இலட்சம் பேர் ஐவரி கோஸ்டில் வாழ்கிறார்கள். அங்குள்ள கோக்கோ தோட்டங்களில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள்.

நைஜீரியாவின் கானோ நகரிலும் நைஜரின் ஸிண்டர் நகரிலும் வாழ்பவர்கள் ஒரே ஹவுஸா மொழி பேசும் முஸ்லிம்கள். நடுவில் எல்லை போட்டவர்கள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும். அந்த எல்லையின் கடுமையைக் கொஞ்சம் தணித்து, பிரிந்த உறவுகளைச் சேர்த்து வைத்திருந்தது எக்கோவாஸ்.

ஏன் விலகினார்கள்?

2020க்குப் பிறகு மூன்று நாடுகளிலும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மக்களாட்சிக்குத் திரும்பச் சொல்லி எக்கோவாஸ் நெருக்கியது. 2022 ஜனவரியில் மாலி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை ஜூலையில்தான் நீங்கியது. 2023 ஜூலை 26இல் நைஜர் அதிபர் முஹம்மது பாஸூம் கவிழ்க்கப்பட்டபோது நடவடிக்கை இன்னும் கடுமையானது. எல்லைகள் மூடப்பட்டன. மத்திய வங்கியில் இருந்த அரசின் பணம் முடக்கப்பட்டது. நைஜர் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு நைஜீரியாவிலிருந்து வருவது, அதுவும் நிறுத்தப்பட்டது. படை அனுப்புவோம் என்ற மிரட்டலும் சேர்ந்துகொண்டது.

பெனின் எல்லையில் உள்ள மலன்வில் நகரில் சரக்கு லாரிகள் வரிசையாக நின்றன. நைஜரில் உணவுப் பொருள் விலை ஏறியது. மருந்துக் கடைகளில் மருந்து தட்டுப்பட்டது. ஆட்சியைப் பிடித்த தளபதிகளோ அசையவில்லை. அவர்களைப் பணிய வைக்கப் போட்ட தடை, நோயாளிகளையும் கூலித் தொழிலாளிகளையும்தான் பணிய வைத்தது.

இங்கே நம் நினைவுக்கு வருவது அபூதாலிப் கணவாய். மக்கத்துக் குறைஷியர் பனூ ஹாஷிம் குலத்தாருடன் கொடுக்கல் வாங்கலையும் திருமண உறவையும் நிறுத்தி, அவர்களை மூன்று ஆண்டுகள் ஒதுக்கி வைத்தனர். பசியில் அழுத குழந்தைகளின் குரல் கணவாய்க்கு வெளியே கேட்டதாக ஸீரா நூல்கள் சொல்கின்றன. ஆட்சியாளர் செய்த தவறுக்கு ஒரு மக்கள் கூட்டத்தின் உணவையும் மருந்தையும் தடுப்பது, யார் செய்தாலும் அநீதிதான். அண்டை முஸ்லிம் நாடு செய்தால் அது நீதியாகிவிடாது.

2024 ஜனவரி 28 அன்று மூன்று நாடுகளும் சேர்ந்து விலகலை அறிவித்தன. எக்கோவாஸ் அந்நிய சக்திகளின் செல்வாக்கில் இருக்கிறது, பயங்கரவாதத்தை எதிர்க்க உதவவில்லை, மனிதாபிமானமற்ற தடைகளை விதித்தது என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். ரமளான் நெருங்கிய பிப்ரவரி இறுதியில் எக்கோவாஸ் நைஜர் மீதான முக்கியத் தடைகளை நீக்கியது. அதற்குள் உறவு முறிந்துவிட்டது.

விலகிய பின் என்ன ஆனது?

முதலில், பயந்த அளவுக்குக் கதவுகள் அடைபடவில்லை. மூன்று நாட்டு மக்களின் பழைய பாஸ்போர்ட்டுகளையும் சரக்குகளுக்கான சலுகையையும் 'மறு அறிவிப்பு வரும் வரை' ஏற்போம் என்றது எக்கோவாஸ். விலகிய நாடுகளும் எக்கோவாஸ் குடிமக்கள் விசா இல்லாமல் வரலாம் என அறிவித்தன. மேலும், சிஎஃப்ஏ ஃபிராங்க் நாணயத்தைப் பொதுவாகக் கொண்ட 8 நாடுகளின் ஒன்றியத்தில் இந்த மூன்றும் இன்னும் இருக்கின்றன. அதனால் செனகல், ஐவரி கோஸ்ட், டோகோ, பெனின் நாடுகளுடனான வணிகத்துக்கு ஒரு காப்பு உண்டு. நைஜீரியாவும் கானாவும் அந்த ஒன்றியத்தில் இல்லை. ஹவுஸா வணிகரின் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

2025 மார்ச்சில் மூன்று நாடுகளும் வெளியிலிருந்து வரும் பொருட்களுக்கு 0.5 விழுக்காடு வரி போட்டன. தங்கள் புதிய கூட்டமைப்பை நடத்த அந்தப் பணம் வேண்டும் என்றன. நிவாரணப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. தொகை சிறியதுதான். ஆனால் கடலில்லாத நாட்டில் துறைமுகக் கட்டணம், லாரி வாடகை, வழிச் செலவு எல்லாம் ஏறிய பிறகு வரும் வரி இது. கடைசியில் சேர்வது வீட்டுச் சாமான் கணக்கில்.

பெனினுடனான எல்லையைத் தடை நீங்கிய பிறகும் பாதுகாப்புக் காரணம் சொல்லி நைஜர் திறக்காமல் வைத்தது. மக்கள் நைஜர் ஆற்றைப் படகில் கடந்தார்கள். கோட்டனூவிலிருந்து நேராக வர வேண்டிய சரக்கு டோகோ, புர்கினா ஃபாசோ என்று சுற்றி, ஆயுதக் குழுக்கள் நடமாடும் பகுதி வழியே இராணுவப் பாதுகாப்புடன் வந்தது. அந்தச் சுற்றுச் செலவும் விலையில் ஏறத்தான் செய்யும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் கண்ணுக்கு எளிதில் தெரியாதது. எல்லை கடப்பதும் பிழைக்கப் போவதும் முன்பு அந்த மக்களின் உரிமை. இன்று அது மறு அறிவிப்பு வரும் வரை கிடைக்கும் சலுகை. சலுகையை நம்பி ஒருவர் அயல்நாட்டில் கடை போடுவாரா? பிள்ளையை அங்கே படிக்க வைப்பாரா?

இழந்த நீதிமன்றம்

எக்கோவாஸுக்கு ஒரு நீதிமன்றம் உண்டு. 2008இல் நைஜரைச் சேர்ந்த ஓர் ஏழைப் பெண் அங்கே வழக்குப் போட்டார். 12 வயதில் அடிமையாக விற்கப்பட்ட தன்னைக் காக்க அரசு தவறிவிட்டது என்பது அவர் முறையீடு. தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நைஜர் அரசு அவருக்கு இழப்பீடு தர வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் பாஸூமை விடுவிக்க உத்தரவிட்டதும் இதே நீதிமன்றம்தான். அந்த உத்தரவை ஆட்சியாளர்கள் மதிக்கவில்லை. சொந்த அரசால் அநீதி இழைக்கப்பட்ட எளியவருக்கு இருந்த அந்த வாசல், இனி வரும் வழக்குகளுக்கு இல்லாமல் போகிறது.

நமது பார்வை

பிரான்ஸ் மீதான அந்த மக்களின் கோபம் நியாயமானது. காலனி ஆட்சி முடிந்த பிறகும் நாணயத்திலும் இராணுவத்திலும் அதன் பிடி நீடித்தது. பிரெஞ்சுப் படைகளை மூன்று நாடுகளும் அனுப்பி வைத்தபோது வீதிகளில் கண்ட மகிழ்ச்சி பொய்யல்ல. எக்கோவாஸின் தடைகளும் கொடுமையானவையே.

ஆனால் இன்னொரு கேள்வியும் உண்டு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் முன் 2016இல் மக்களிடம் வாக்குக் கேட்டது. இந்த மூன்று நாடுகளில் யாரிடம் கேட்டார்கள்? மாலியில் 2025 மே மாதம் அரசியல் கட்சிகளே கலைக்கப்பட்டுவிட்டன. ஷூரா எனும் கலந்தாலோசனையை ஆட்சியின் பண்பாகக் கற்ற சமுதாயம் நாம். ஐம்பது ஆண்டு உறவை முறிக்கும் முடிவைச் சில தளபதிகள் மட்டும் எடுத்ததை, அந்நியரை எதிர்த்தார்கள் என்பதற்காக மட்டும் நாம் கொண்டாட முடியாது.

மாலி மண்ணில் இஸ்லாத்தைக் கொண்டு சேர்த்தவர்கள் பாலைவனம் கடந்து வந்த வணிகர்கள். திம்பக்து நகரம் அறிவின் மையமானது திறந்திருந்த வணிகப் பாதைகளால். குளிர்காலத்திலும் கோடையிலும் வணிகக் கூட்டங்கள் அச்சமின்றிப் போய் வந்ததை அல்லாஹ்வின் அருளாக நினைவூட்டும் அத்தியாயத்தை நம் பிள்ளைகள் மக்தபிலேயே மனனம் செய்கிறார்கள். பாதை பாதுகாப்பாக இருப்பதும் பசி நீங்குவதும் ஒன்றோடொன்று சேர்ந்தவை.

எனவே இரு தரப்பும் செய்ய வேண்டியது இதுதான். 'மறு அறிவிப்பு வரும் வரை' என்ற நிலையை மாற்றி, மக்கள் போக்குவரத்துக்கும் சிறு வணிகத்துக்கும் நிலையான உடன்பாடு காண வேண்டும். எந்த அரசியல் சண்டையிலும் உணவு, மருந்து, மின்சாரம் மீது இனி கை வைப்பதில்லை என்று எக்கோவாஸ் உறுதி தர வேண்டும். நீதி கேட்க மக்களுக்கு ஒரு வாசலை ஸாஹில் அரசுகள் திறந்து வைக்க வேண்டும்.

தடை வந்தபோதும் அந்தக் குடும்பங்கள்தான் விலை கொடுத்தன. விலகல் வந்தபோதும் அவர்களேதான். அடுத்த தபாஸ்கிக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு எல்லைக்கு வரும் மனிதர் அச்சமின்றி அதைக் கடக்க வல்ல அல்லாஹ் வழிசெய்வானாக!