கணக்குப் போட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதா?

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் என்றாலே சூதாட்டம்தான். அங்கே பெரிய தொகையைத் தோற்பவருக்கு ராஜ உபசாரம். சாப்பாடு இலவசம். தங்க அறை இலவசம். ஆனால், மூளையைப் போட்டு ஜெயிக்கிறவருக்கு? "எழுந்து வெளியே போ!" இதுதான் உபசாரம்!

"சீட்டு எண்ணுகிறவர்கள்" என்று ஒரு கூட்டம் அங்கே உண்டு. பலே ஆசாமிகள். ஆனால் மோசடிக்காரர்கள் அல்ல. சீட்டை ஒளிப்பது இல்லை. சீட்டில் அடையாளம் வைப்பதும் இல்லை. மேஜையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற சீட்டுகளைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போடுகிறார்கள். அவ்வளவுதான்.

என்ன கணக்கு?

பிளாக்ஜாக் என்பது 21-ஐத் தாண்டாமல், 21-ஐ நெருங்குகிற ஆட்டம். 2 முதல் 6 வரை உள்ள சின்ன சீட்டு விழுந்தால் ஒன்று கூட்டு. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் விழுந்தால் ஒன்று கழி. 7, 8, 9 விழுந்தால் கணக்கு இல்லை.

தொகை ஏறினால், கட்டில் பெரிய சீட்டுகள் அதிகம் மிச்சம் இருக்கின்றன என்று அர்த்தம். அது ஆடுகிறவருக்குச் சாதகம். அப்போது பந்தயத்தை ஏற்றுவார். மற்ற நேரத்தில் இறக்கிவிடுவார். இதில் மிஞ்சுவது 100 டாலருக்கு ஏறக்குறைய ஒரு டாலர்தான்!

எட்வர்ட் தார்ப் என்ற கணித பேராசிரியர் 1962-ல் இதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். மிரண்டுபோன லாஸ் வேகாஸ் முதலாளிகள் 1964-ல் ஆட்ட விதிகளைக் கடுமையாக்கினார்கள். மேஜைகளில் கூட்டம் குறைந்தது. சில வாரங்களிலேயே பழைய விதிக்குத் திரும்பினார்கள். புத்தகம் படித்தவர்கள் எல்லோரும் ஜெயித்துவிடவில்லை. அரைகுறையாக எண்ணித் தோற்றவர்களே அதிகம். அந்தப் பணமும் முதலாளிகளுக்குத்தான் போயிற்று!

தோளைத் தட்டும் கை

பந்தயம் ஏறி இறங்குவதை மேலே இருக்கிற காமிரா பார்த்துக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் கோட்டு போட்ட ஆள் வந்து தோளைத் தட்டுவார்.

"சார், உங்க ஆட்டம் எங்களுக்குக் கட்டுபடி ஆகலை. வேற எது வேணுமானாலும் ஆடுங்க. 21 மட்டும் வேணாம்" என்பார். இது மரியாதையான ரகம். "இனி இங்கே காலை வைத்தால் அத்துமீறிய குற்றம்" என்று எச்சரிப்பது அடுத்த ரகம். "பின்னால் அறைக்கு வா" என்று கூப்பிடுவது மூன்றாவது ரகம். இதுதான் ஆபத்து.

அனுபவசாலிகள் இந்த இடத்தில் வாயைத் திறப்பது இல்லை. சண்டை போடுவது இல்லை. டோக்கன்களைப் பொறுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடக்கிறார்கள். பின் அறைக்கு வர மறுக்கிறார்கள். "என்னைப் பிடித்து வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றால் நான் போகிறேன்" என்று ஒரே கேள்வி. கையை மட்டும் ஓங்குவது இல்லை. ஓங்கினால் நியாயம் கைமாறிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நெவாடா மாநில சட்டப்படி வெறும் மூளையால் எண்ணுவது குற்றமே அல்ல. கருவியை வைத்து எண்ணினால்தான் குற்றம். மோசடி நடந்ததாக நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே விடுதிக்காரர்கள் ஒருவரைத் தடுத்து வைக்கலாம். எண்ணியதற்காக ஒருவரைப் பிடித்து வைப்பது அடாவடி அல்லாமல் வேறு என்ன?

கோர்ட்டு கொடுத்த அடி

கென் உஸ்டன் என்பவர் பங்கு மார்க்கெட்டில் பெரிய பதவியில் இருந்தவர். அதை விட்டுவிட்டுச் சீட்டு எண்ண வந்தார். மாறுவேடம் போட்டுக்கூட ஆடுவார். 1979-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு விடுதி அவரை வெளியேற்றியது. அவர் கோர்ட்டுக்குப் போனார்.

1982-ல் நியூஜெர்சி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து வைத்தவர்கள், காரணம் இல்லாமல் ஒருவரை மட்டும் விரட்ட முடியாது என்றது. எண்ணுகிறவர்களைத் தடுக்கும் அதிகாரம் விடுதிக்கு இல்லை என்றது.

விடுதிகள் திவாலாகிவிட்டனவா? இல்லையே! சீட்டுக்கட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அடிக்கடி கலைத்துப் போட்டார்கள். ஆட்டம் தொடர்ந்து நடந்தது.

இன்னொரு பாடமும் உண்டு. எண்ணுகிறவர்களின் படங்களைச் சேர்த்து விடுதிகளுக்குக் கொடுத்துவந்த கிரிஃபின் என்ற துப்பறியும் நிறுவனம், இரண்டு ஆட்டக்காரர்கள் போட்ட அவதூறு வழக்கில் தோற்றது. 2005-ல் திவால் மனு கொடுத்தது.

எது நியாயம்?

"எங்க இடம், எங்க இஷ்டம்" என்கிறார்கள் லாஸ் வேகாஸ் முதலாளிகள். நெவாடாவில் அந்த உரிமை இன்றும் அவர்களுக்கு உண்டு. சட்டம் அனுமதிக்கலாம். ஆனால் நியாயம்?

விதியை எழுதியது விடுதி. சீட்டைப் போடுவது விடுதி. எப்போது கலைப்பது என்று முடிவு செய்வதும் விடுதி. இத்தனைக்கும் பிறகு எதிரில் இருப்பவர் யோசிக்கவும் கூடாது என்றால், அதற்குப் பெயர் ஆட்டமா? வசூல்!

பயம் இருந்தால் கட்டை அடிக்கடி கலைக்கட்டும். பந்தயத்துக்கு வரம்பு போடட்டும். அதை விட்டுவிட்டு ஆளை விரட்டுவதும், படத்தைச் சுற்றுக்கு விடுவதும் என்ன நியாயம்?

இதைப் படித்துவிட்டு யாரும் சீட்டு எண்ணப் புறப்பட வேண்டாம். எண்ணத் தெரிந்தவர்களே மாதக்கணக்கில் தோற்பது உண்டு. சூது சூதுதான்.

ஆனால் ஒன்று. தோற்கிறவனை மட்டுமே உட்கார வைக்கிற கடை, "அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பாருங்கள்" என்று வாசலில் விளக்குப் போட்டுக் கூப்பிடக்கூடாது!