அந்தப் புள்ளிகள் எங்கே போயின?

சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டைப் பற்றியதன்று, ஆய்வேட்டைக் காட்டிய திரையைப் பற்றியது.

தமிழகத்திலிருந்து வெகுதொலைவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் சார்ந்து ஆய்வு செய்துவருகிறேன். சென்ற மாதம், சமர்ப்பிப்புக்கு முந்தைய கருத்தரங்கில் மூன்றாம் இயலை முன்வைத்தேன். வாதம் சிறியது: ஒரு கல்வெட்டின் மைப்படியில், ஒரு வரி முழுவதும் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்பட்டிருக்கிறது என்பது. தமிழ்க் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் விடுபட்டே வரும். ஆகவே அது முறையாக வரும் ஒரு வரி சொல்லத்தக்க செய்தி. மைப்படியில் உளிபட்ட இடம் கருமைக்கு நடுவே வெண்மையாகத் தெரியும். கல்லின் இயற்கையான பொரிவும் அவ்வாறே தெரியும். ஓரெழுத்தை மட்டும் பெருக்கிக் காட்டினால், அது புள்ளியா பொரிவா என்று எவராலும் அறுதியிட இயலாது. வரி முழுவதையும் ஒருசேரக் கண்டு, மெய் வருமிடத்தில் மட்டும் ஒரே உயரத்தில் ஒரே அளவில் அவை நிற்பதை உணர்ந்தால்தான் வாதம் நிற்கும்.

கருத்தரங்க அறையின் சுவரில் 65 அங்குல 4கே தொலைக்காட்சி. என் மடிக்கணினியை இணைத்தேன். வரி தெரிந்தது. புள்ளிகள் தெரியவில்லை. படத்தின் கீழ்விளிம்பில் வைத்திருந்த அளவுகோலையும் காணோம். புறத்தேர்வாளர் எழுந்துவந்து திரையருகே நின்று பார்த்துவிட்டு, "மங்கலாக ஏதோ இருக்கிறது" என்றார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் கண்டதைத்தான் சொன்னார். பின்வரிசையிலிருந்து மற்றொருவர், "நல்ல மடிக்கணினியாகக் கொண்டுவந்திருக்கலாமே" என்றார். நடவடிக்கைக் குறிப்பில் "சான்று போதாது, மறுவாசிப்புத் தேவை" என்று பதிவாயிற்று.

அன்று மாலை, இயற்பியல் துறையில் ஆய்வு செய்யும் அக்கா ஒருவரை அழைத்துக்கொண்டு அதே அறைக்குச் சென்றேன். "திரையில் தெரிவது உன் கணினியின் தகுதியுமன்று, தொலைக்காட்சியின் தகுதியுமன்று, இரண்டும், நடுவிலுள்ள கேபிளும் சேர்ந்து ஒத்துக்கொண்ட அளவு" என்றார் அக்கா. கேபிளைச் செருகியவுடன் தொலைக்காட்சி தன் அடையாளச் சீட்டை நீட்டுகிறது. ஈடிஐடி என்பது அதன் பெயர். 128 பைட் கொண்ட ஒரு தொகுதியும் அதற்குரிய நீட்சியுமாக, தான் ஏற்கவல்ல தெளிவுத்திறன்களை அது பட்டியலிடும். கணினி அப்பட்டியலைப் படித்தே பேசத் தொடங்கும்.

முதற்பிழை என்னுடையதே. இரு திரையிலும் ஒரே காட்சி என்னும் 'டூப்ளிகேட்' முறையில் இணைத்திருந்தேன். என் மடிக்கணினியின் திரை 1366 × 768. இருதிரைக்கும் பொதுவாக அந்தச் சிறிய அளவே தேர்வாயிற்று. என் படம் 5000 படப்புள்ளி அகலமுடையது; அதில் ஒரு கல்வெட்டுப் புள்ளியின் அகலம் ஏறத்தாழ 8. படம் 1366க்குச் சுருங்கும்போது அது 2 ஆகிவிடும். அந்த இரண்டைத் தொலைக்காட்சி மீண்டும் ஊதிப் பெரிதாக்கும்போது எஞ்சுவது ஒரு சாம்பல் நிழல். தேர்வாளர் கண்டது அதைத்தான்.

விண்டோஸ் விசையுடன் பி விசையை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' முறைக்கு மாறினோம். தொலைக்காட்சி 1920 × 1080க்கு வந்தது. அமைப்புப் பட்டியலில் 3840 × 2160உம் இருந்தது. அதைத் தேர்ந்தால் திரை இருண்டது. 15 நொடியில் கணினி தானே பழைய அளவுக்குத் திரும்பியது. அக்கா சுவரைப் பார்த்தார். சுவருக்குள் புதைத்த கேபிள், படவீழ்த்தி இருந்த காலத்தது. எச்டிஎம்ஐ கேபிள்களில் 'ஸ்டாண்டர்ட்' வகை 720 வரிக்கும் 1080ஐக்கும் மட்டுமே சோதிக்கப்படுவது. 4கே வேண்டுமெனில் குறைந்தது 'ஹை ஸ்பீட்' வகை வேண்டும். சுவரைத் தவிர்த்து, அவருடைய இரண்டு மீட்டர் கேபிளை நேரே தொலைக்காட்சியில் செருகினோம். 3840 × 2160 வந்தது, நொடிக்கு 30 முறை என்னும் வேகத்தில். 60க்கு ஏறத்தாழ 18 கிகாபிட் பாதை வேண்டும். அதை 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 தான் தந்தது. என் கணினியிலிருப்பது 1.4, அதன் எல்லை 10.2. சுட்டி சற்றே இழுத்து நகர்ந்தது. அசையாத கல்லெழுத்துக்கு 30 தாராளம்.

காணாமற்போன அளவுகோல் வேறு கதை. குழாய்த் தொலைக்காட்சிக் காலத்தில் படத்தின் ஓரம் ஒழுங்காக அமையாது என்பதால், அதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும் வழக்கம் இருந்தது. குழாய் போயிற்று, வழக்கம் போகவில்லை. படஅளவு அமைப்பில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்றிருப்பதைத் தேர்ந்தவுடன் அளவுகோல் திரும்பியது. புள்ளிகளும் இருந்தன, பதினொன்று, ஒரே உயரத்தில். பார்க்க நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம்.

இனி என் கருத்து. இக்கோளாறு எங்கள் அறைக்கு மட்டும் உரியதென்று நான் நினைக்கவில்லை. திரை வாங்கும் குழு அங்குலத்தையும் 4கே என்னும் முத்திரையையும் பார்க்கிறது. சுவருக்குள் செல்லும் கேபிளின் வகையைப் பார்ப்பதில்லை. ஆவணத்தில் 4கே வசதி இருக்கிறது, அறையில் இல்லை. அந்த இடைவெளிக்கு விலைகொடுப்பவர், அன்றைக்கு மேடையில் நிற்கும் மாணவர். "நல்ல மடிக்கணினி" என்ற சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. நெட் அல்லாத உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அதில் வாழ்பவரிடம் புதுக்கணினி வாங்கச் சொல்வது எளிது. ஆனால் அந்தக் கேபிள் வழியே எந்தக் கணினி வந்திருந்தாலும் 4கே கிடைத்திருக்காது.

கருவியை அறிந்து வைத்திருப்பது ஆய்வாளனின் கடமையல்லவா என்று கேட்கலாம். ஆம்; டூப்ளிகேட் பிழைக்கு நானே பொறுப்பு. முன்தினமே வந்து சோதித்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அறையின் சாவி கருத்தரங்கு நாளில், பத்து நிமிடத்துக்கு முன்புதான் கிடைக்கும் என்றால் எப்போது சோதிப்பது? கல்வெட்டு, சுவடி, நுண்ணோக்கிப் படம், நிலப்படம் ஆகியவற்றைக் கொண்டு வாதிடும் துறைகளில் திரை என்பது சான்றின் ஒரு பகுதி. சான்று மங்கியபோது, வாதத்தை மதிப்பிடுமுன் திரை என்ன அளவில் இருக்கிறதென்று கேட்பது குழுவின் கடமை. அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ஒரே வரியில் விடை இருக்கும்.

பழைய படவீழ்த்தியே உள்ள அறைகளுக்கு ஒரு சொல்: மலிவான விஜிஏ கேபிள்கள் சிலவற்றில் அடையாளச் சீட்டைக் கடத்தும் ஊசியே இராது. கணினி எதிரே இருப்பதை அறியாமல் 1024 × 768இல் நின்றுவிடும். கேபிளின் முனையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் அறைக் கதவில், எந்த போர்ட், எந்த அளவு, எந்த வேகம் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். கேபிளை மாற்றக் கோரும் கடிதத்தைத் துறைத்தலைவர் அன்போடு பெற்றுக்கொண்டார். சுவரைத் தொடப் பொறியியல் பிரிவின் அனுமதி வேண்டுமாம். மறுவாசிப்பு அமர்வு அடுத்த மாதம். அக்காவின் கேபிளை இன்னும் திருப்பித் தரவில்லை.