துப்பாக்கியும் அரிவாளும்

அமெரிக்காவில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடக்கலாமாமே, நம் கையிலும் அப்படி ஒன்று இருந்தால் போலீஸ்காரன் 'வாடா, போடா' என்பானா என்று ஆய்க்குடி வட்டாரத்துத் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அடிபட்டவன் வேறு எப்படிக் கேட்பான்?

அப்படி நடந்து பார்த்தவர்கள் அங்கே உண்டு. 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஹியூ நியூட்டன், பாபி சீல் என்ற இரு கறுப்பின இளைஞர்கள் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்த அந்த மாநிலச் சட்டம் அன்று இடம் கொடுத்தது. போலீஸ் ஒரு கறுப்பரை மறித்தால், இவர்கள் சற்றுத் தள்ளி, துப்பாக்கியும் சட்டப் புத்தகமுமாக நின்று கவனிப்பார்கள். ஆளும் வர்க்கம் பொறுக்குமா? உடனே தடை மசோதா வந்தது. 1967 மே 2-ந் தேதி அவர்கள் துப்பாக்கிகளுடனேயே சாக்ரமெண்டோ சட்டமன்றத்துக்குள் போய் ஆட்சேபித்தார்கள். ஜூலையிலேயே கவர்னர் ரீகன் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெள்ளையன் தோளில் இருந்தவரை உரிமை. கறுப்பன் தோளுக்கு வந்ததும் அபாயம்! மறு ஆண்டு ஏப்ரலில் அக்கட்சியின் 17 வயது பாபி ஹட்டனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது.

பழைய கதை என்பீர்களோ? 2016 ஜூலையில் மின்னசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத் தொழிலாளியின் காரைப் போலீஸ் நிறுத்தியது. பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்த்தவர் அவர். தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமே மரியாதையாகச் சொன்னார். லைசென்சும் உண்டு. சொன்ன சில வினாடிகளில் சுடப்பட்டார், மாண்டார். சுட்ட போலீஸ்காரர் மறு ஆண்டு விடுதலையானார்.

நம் நாட்டில் 1878-ல் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டான். இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு. ஆயுதம் வைத்திருப்பதும் மக்கள் உரிமை என்று 1931 கராச்சி காங்கிரசில் தீர்மானம் போட்டார்கள். பதவிக்கு வந்தபின் அரசியல் சட்டத்தில் நமக்குக் கிடைத்தது ஆயுதமின்றிக் கூடும் உரிமை! 1959-ல் வந்த புதிய சட்டத்திலும் லைசென்ஸ்தான். லைசென்ஸ் யாருக்கு? காட்டுப்பன்றி இறங்கும் மலையடிவாரத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று நிலமுள்ளவர் மனுப்போடலாம். கூலிக்கு இரவுக் காவல் இருப்பவன் கையில் டார்ச்சும் தகர டப்பாவும்தான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி விவசாயிகளைத் தாக்க வந்தவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. குடிசைக்குள் கருகியவர்கள் 44 பேர். மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. துப்பாக்கியை விடப் பெரிய பலம் அவர்களுக்கு எங்கே இருந்தது என்பதைத் தோழர்கள் யோசிக்கட்டும். அந்த விவசாயிகள் கூலி உயர்வு கேட்டது துப்பாக்கி தூக்கியல்ல, செங்கொடிச் சங்கம் கட்டி. மிராசுதார்கள் நடுங்கியதும் அதைக் கண்டுதான்.

ஆகவே துப்பாக்கிப் பேச்சை விட்டு நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். அறுப்புக்குப் போகும் நம் ஆட்களிடம் கதிர் அரிவாள் இருக்கும். தகராறு என்றால் போதும், அது 'பயங்கர ஆயுதம்' ஆகிவிடுகிறது! வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள் ஆயுதம் ஆகாது என்று அதே 1959 சட்டம் சொல்கிறது. தடியையும் கைத்தடியையும் பெயர் சொல்லியே விலக்குகிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்காக அரிவாளை ஓங்கிக்கொண்டு போலீசிடம் சட்டம் பேச வேண்டாம். கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள்.

கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996-லேயே டி.கே. பாசு வழக்கில் கட்டளையிட்டது. ஒருவரைப் பிடித்தால் பத்துப் பேராக ஸ்டேஷனுக்குப் போங்கள், படித்த பிள்ளை ஒருவரையும் கூட்டிக்கொண்டு. மகஜரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்: அதில் 'கதிர் அரிவாள்' என்று இருக்கிறதா, 'பயங்கர ஆயுதம்' என்று இருக்கிறதா?