பக்கத்து இருக்கையில் இருப்பவர்

உரும்பிராய்ச் சந்தியில் காலை ஏழரை மணிக்குப் பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். பலாலி வீதியை மானிப்பாய் – கைதடி வீதி குறுக்கறுக்கும் இடம் அது. தனியார் பேருந்தும், மரக்கறி மூட்டை ஏற்றிய லான்ட்மாஸ்டரும், முச்சக்கரவண்டிகளும், பாடசாலைப் பிள்ளைகளின் சைக்கிள்களும் ஒரே நேரத்தில் வந்து சேரும். அந்தச் சந்தியில்தான் என் தங்கையின் மகள், சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று மூன்று வாரம் ஆகுமுன்னரே, சைக்கிளில் வந்த ஒரு முதியவரைக் காரால் மோதினாள்.

முதியவர் உயிர் தப்பினார். ஆனால் இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார், தோட்டத்துக்குப் போவதில்லை. "மாமா, நான் பிறேக்கை மிதிச்சனான் எண்டுதான் நினைச்சன்" என்று அன்றிரவு அவள் அழுதாள். அவள் மிதித்தது அக்சிலேற்றரை.

அவளுக்குப் பயிற்சி நிலையம் தேடிக் கொடுத்தவன் நான். முப்பது ஆண்டுகளாகப் பிறரிடம் கேள்வி கேட்டே சோறு உண்டவன், அன்று இரண்டே கேள்விகள் கேட்டேன். எவ்வளவு காசு? எத்தனை நாளில் லைசென்ஸ் கைக்கு வரும்? இரண்டுக்கும் மகிழ்ச்சியான பதில் கிடைத்தது. திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. பயிற்சிக் காரில் போதனாசிரியரின் காலடியிலும் ஒரு பிறேக் உண்டு. அது ஆபத்து வேளைக்கு உரியது. இவளுடைய போதனாசிரியரோ ஒவ்வொரு சந்தியிலும் தாமே அதை மிதித்திருக்கிறார். பிள்ளை ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, தானே ஓட்டுவதாக நம்பியிருக்கிறாள். தனியே ஓடிய நாளில் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது.

எங்கள் ஊர்களில் போதனாசிரியரின் பொறுப்பு பெரிது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் அரும்பொருளாகி, வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குடாநாடு சைக்கிளில் வாழ்ந்தது. 2009இல் போர் முடிந்து ஏ9 வீதி முழுமையாகத் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளும் காரும் வெள்ளம்போல் வந்தன. அப்பாவிடம் கார் பழகும் வாய்ப்பு இங்கு பல வீடுகளில் இல்லை. அப்பாவே கார் ஓட்டியதில்லை. ஆகவே அந்நியர் ஒருவரே முதல் ஆசானும் கடைசி ஆசானும் ஆகிறார்.

இங்கே மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. எழுத்துப் பரீட்சை உண்டு, செய்முறைப் பரீட்சை உண்டு. ஆனால் கற்பிப்பவரைப் பற்றி நாம் எவரும் கேட்பதில்லை. பிரித்தானியாவில் காசு வாங்கிக்கொண்டு கார் ஓட்டக் கற்பிப்பவர் மூன்று கட்டத் தேர்வில் சித்தியடைய வேண்டும். மூன்றாவது கட்டம், அவருக்குக் கற்பிக்கத் தெரியுமா என்பதைச் சோதிப்பது. தேறியவர் பச்சை நிற எண்கோண அட்டையையும், பயிற்சியில் இருப்பவர் இளஞ்சிவப்பு முக்கோண அட்டையையும் காரின் முன் கண்ணாடியில் வைத்திருப்பார். பின்னரும் அவ்வப்போது மதிப்பீடு நடக்கும். நன்றாக ஓட்டுவது ஒரு கலை, ஓட்டக் கற்பிப்பது வேறொரு கலை என்பதை அந்த நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது.

இங்கே அந்த மதிப்பீட்டைப் பெற்றோர்தான் செய்ய வேண்டும். முதலில், நிலையமும் போதனாசிரியரும் பதிவு பெற்றவர்களா என்று கேளுங்கள். அடுத்து, பணம் கட்டுமுன் ஒரு பாடத்துக்குப் பின் இருக்கையில் அமர்ந்து செல்ல அனுமதி கேளுங்கள். மறுப்பவரை விட்டு விலகுங்கள். பெண்பிள்ளைகள் விடயத்தில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். போகும்போது அவருடைய காலைக் கவனியுங்கள், வாயையும் கவனியுங்கள். பிழை விட்டதும் ஏசுகிறாரா, அல்லது வண்டியை ஓரத்தில் நிறுத்தி ஏன் பிழைத்தது என்று விளக்குகிறாரா? கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டே கற்பிக்கிறாரா? மைதானத்தையும் வெறும் ஒழுங்கையையும் விட்டு வெளியே வருகிறாரா? மழையில், அந்தி இருட்டில், பேருந்துக்குப் பின்னால், லைற் இல்லாத சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு முறையேனும் ஓட வைக்கிறாரா? "இன்னும் பரீட்சைக்குப் போகாதே, உனக்குப் போதாது" என்று சொல்லும் துணிவு உள்ளவரே நல்ல போதனாசிரியர். அவருக்குக் காசு சற்றுக் கூடவும் கொடுக்கலாம்.

இதைத் தொரன்றோவிலும் இலண்டனிலும் இருந்து வாசிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரில் உள்ள மருமக்களின் லைசென்ஸ் செலவுக்குப் பணம் அனுப்புபவர்கள் நீங்கள். அனுப்பும்போது "எப்ப கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். "ஆர் பழக்குகினம்?" என்று கேளுங்கள்.

மருமகள் இப்போது வேறொருவரிடம் முதலிலிருந்து பழகுகிறாள். முதல் நாளே அவர் தம் கால்களை மடக்கி வைத்துக்கொண்டு, "பிள்ளை, பிறேக் உம்மட பொறுப்பு" என்றாராம். மாதம் ஒருமுறை நானும் அவளும் அந்த முதியவர் வீட்டுக்குப் போகிறோம். அவர் எங்களுக்குத் தேநீர் தருகிறார். அவருடைய சைக்கிள் சுவரில் சாத்தியபடி இருக்கிறது.